செய்திக்கும் நாணயம் வேண்டும்

நாணயம் என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. கையிலே புழங்கும் காசும் நாணயம். நெஞ்சிலே நிற்கும் நேர்மையும் நாணயம். ஒருவரை நாணயமானவர் என்று ஊரார் சொன்னால், அவர் வாக்குச் செல்லும் என்பது பொருள். செல்லாத காசைக் கடைக்காரர் கல்லாவில் போடுவதில்லை. தட்டிப் பார்த்துத் திருப்பித் தந்துவிடுவார். செல்லாத செய்தியை மட்டும் நாம் ஏன் காலையிலே காசு கொடுத்து வாங்கி, மாலையிலே அதைக் கையில் ஏந்திக்கொண்டு உற்றாரோடும் நண்பரோடும் மல்லுக்கு நிற்கிறோம்? பணத்தைப் பற்றிய செய்தியிலே கட்சிச் சாயம் ஏறியதையும், அச்சாயத்தால் நம் பேச்சின் பண்பு கெட்டதையும் வெளிப்படையாகப் பேசவேண்டிய காலம் இது.

இதனைப் பேசுவதற்கு நாம் குடியேறி வாழும் மைசூரைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. நாட்டின் ரூபாய் நோட்டுகளை அச்சிடும் ஊர்களுள் நம் ஊரும் ஒன்று. ரிசர்வ் வங்கிக்கு உரிமையான நோட்டு அச்சகம் 1996 முதல் இங்கே இயங்கி வருகிறது. நோட்டுக்கு வேண்டிய தாளைச் செய்யும் ஆலையும் இங்கே உண்டு. நோட்டு அச்சிடும் மையைச் செய்யும் 'வர்ணிகா' என்னும் தொழிற்கூடம் 2022-ஆம் ஆண்டு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இம்மையன்றி மற்றொரு மைக்கும் நம் ஊர் புகழ்பெற்றது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937-இல், தொடங்கப்பட்ட அரக்கு வண்ணத் தொழிற்சாலை, 1962 பொதுத் தேர்தல் முதலாக வாக்காளரின் விரலில் இடும் அழியாத மையைச் செய்து தருகிறது. பணத்துக்கு ஒரு மை, வாக்குக்கு ஒரு மை. பொருளியலும் அரசியலும் ஒரே ஊரில் அடுத்தடுத்துக் குடியிருக்கின்றன எனலாம்.

2016 நவம்பரில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்தன.

ஓர் இரவும் ஒரு விரலும்

அவ்வாண்டு நவம்பர் 8 இரவு 8 மணிக்கு, 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லா எனத் தலைமை அமைச்சர் அறிவித்தார். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு அந்த இரு நோட்டுகளாகவே இருந்தது. கருப்புப் பணத்தை ஒழித்தல், கள்ள நோட்டைத் தடுத்தல், பயங்கரவாதத்துக்குச் செல்லும் பணத்தை நிறுத்தல் என்பன சொல்லப்பட்ட நோக்கங்கள். 1946-இலும் 1978-இலும் இத்தகைய நடவடிக்கை எடுக்கப்பட்டதுண்டு. ஆனால் 1978-இல் செல்லாமற் போனவை 1000, 5000, 10,000 ரூபாய் நோட்டுகள். எளிய மக்கள் அவற்றைக் கண்ணால் கண்டதும் அரிது. 2016-இல் செல்லாமற் போன 500 ரூபாயோ கூலியாளின் மடியிலும், பூக்காரியின் சுருக்குப் பையிலும், இல்லத்தரசியின் அரிசிப் பானைக்குள் ஒளிந்திருந்த சிறுவாட்டிலும் இருந்தது.

வங்கியில் முதலில் ஒருவர் 4000 ரூபாயை மாற்றிக்கொள்ளலாம் என்றனர். பிறகு 4500 ஆயிற்று. பிறகு 2000 ஆகக் குறைந்தது. நவம்பர் 24-க்குப் பின் மாற்றுதலே நின்றது. ஒருவரே பலமுறை வரிசையில் வருவதைத் தடுக்க, பணம் மாற்றுவோரின் விரலிலே அழியாத மையை இடுமாறு அரசு ஆணையிட்டது. அந்த மையும் நம் மைசூர் மையே! வாக்களித்த பெருமையோடு தூக்கிக் காட்டிய விரலை, தன் பணத்தைத் தானே வாங்கியதற்காகவும் நீட்ட வேண்டியதாயிற்று. புது நோட்டின் அளவு வேறாக இருந்தமையால் நாடெங்கும் ஏறத்தாழ இரண்டு லட்சம் பணப்பொறிகளைத் திருத்தி அமைக்கும் வரை வரிசை குறையவில்லை.

இவையனைத்தும் நாம் கண்ணாரக் கண்டவை. நம் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் இவற்றை எவ்வாறு எடுத்துரைத்தன என்பதே கேள்வி.

சில்லு வைத்த செய்தி

புதிய 2000 ரூபாய் நோட்டுக்குள்ளே ஒரு நுண்ணிய சில்லு பதிக்கப்பட்டிருக்கிறது, பூமிக்கு அடியில் புதைத்து வைத்தாலும் வானத்துச் செயற்கைக்கோள் அதைக் கண்டுபிடித்துவிடும் என்றொரு செய்தி அந்நாளில் பரவியது. கைப்பேசியில் வந்த வதந்தி என்று அதனை ஒதுக்கிவிட இயலாது. பெயர்பெற்ற தொலைக்காட்சிகள் சிலவே படம் போட்டு விளக்கின. ரிசர்வ் வங்கி அந்நோட்டின் பாதுகாப்புக் கூறுகளைப் பட்டியலிட்டு வெளியிட்டிருந்தது. நிறம் மாறும் இழை உண்டு, நீர்க்குறி உண்டு, பார்வையற்றோர் தடவி அறியும் மேடெழுத்து உண்டு, சில்லு இல்லை. ஒரு முறை அப்பட்டியலைப் படித்திருந்தால் போதும். படிக்காமற் போனதன் காரணம் நேரமின்மை அன்று. அரசின் செயலை அற்புதமாக்கிக் காட்டும் ஆர்வமே. அந்த 2000 ரூபாய் நோட்டு 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்படும் என அறிவிக்கப்பட்டது. நோட்டுத் திரும்பியது, அந்தச் செய்தியைச் சொன்னவர் எவரேனும் தம் சொல்லைத் திரும்பப் பெற்றனரா?

மறுபக்கத்தாரும் தூயவர் அல்லர். நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ இரண்டு விழுக்காடு குறையக்கூடும் என முன்னாள் தலைமை அமைச்சர் மன்மோகன் சிங் 2016 நவம்பர் 24 அன்று மாநிலங்களவையில் எச்சரித்தார். பொருளியல் அறிஞர் ஒருவரின் மதிப்பீடு என்ற அளவில் அது எண்ணத்தக்கது. ஆனால் எதிரணி ஏடுகள் 'குறையக்கூடும்' என்பதைக் 'குறைந்தது' என்றே எழுதத் தொடங்கின. அரசின் புள்ளிவிவரம் 2016-17 ஆண்டுக்கு முதலில் 7.1 விழுக்காட்டு வளர்ச்சியைக் காட்டிப் பின்னர் திருத்தப்பட்டு 8 விழுக்காட்டுக்கும் மேலே சென்றபோது, அவ்வெண்ணை ஆராயாமல் அவ்வேடுகள் வாளா இருந்தன. ஆதரவு ஏடுகளோ அதனைக் கொண்டாடின. அடுத்த ஆண்டின் முதற் காலாண்டில் வளர்ச்சி 5.7 விழுக்காடு என வந்தபோது அவை வாய் மூடின. தமக்கு இனிக்கும் எண்ணைத் தலைப்பில் வைப்பதும் கசக்கும் எண்ணைப் பன்னிரண்டாம் பக்கத்தில் புதைப்பதும் இரு சாராருக்கும் பொதுவான கலையாயின.

கணக்கு என்ன சொன்னது?

செல்லாமற் போன நோட்டுகளின் மொத்த மதிப்பு 15.41 லட்சம் கோடி ரூபாய். இதிலே 10 முதல் 11 லட்சம் கோடி திரும்பி வரும், எஞ்சியது வாராது ஒழியும் என்ற எதிர்பார்ப்பை அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார். 2018 ஆகஸ்டில் வெளிவந்த ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை, 15.31 லட்சம் கோடி, அதாவது 99.3 விழுக்காடு, திரும்பி வந்துவிட்டது எனத் தெரிவித்தது. 2018 மார்ச் இறுதியில் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு மீண்டும் 18 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டிருந்தது.

இன்னுமொரு சான்று உண்டு. அறிவிப்பு வந்த அதே நாள் மாலையில் கூடிய ரிசர்வ் வங்கி இயக்குநர் குழுவின் நடவடிக்கைக் குறிப்பு, பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்தது. கருப்புப் பணத்தின் பெரும்பகுதி ரொக்கமாக இல்லை. பொன்னாகவும் மனையாகவுமே இருக்கிறது என்ற கருத்து அதிலேயே பதிவாகியிருந்தது. நடவடிக்கையைப் பாராட்டிய அதே குறிப்பு, அவ்வாண்டு உற்பத்தியில் குறுகிய காலப் பாதிப்பு உண்டாகும் என்றும் கூறியது. பாராட்டும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. ஆனால் பாராட்டை மட்டும் ஒரு சாராரும் எச்சரிக்கையை மட்டும் மறு சாராரும் வெட்டி எடுத்துக்கொண்டனர். முழுக் குறிப்பையும் வாசகன் முன் விரித்து வைத்தவர் சிலரே.

99.3 விழுக்காடு என்ற எண் எதை மெய்ப்பிக்கிறது? பெருந்தொகை வங்கிக்கு வாராமலே மாயும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்ததை மெய்ப்பிக்கிறது. திரும்பி வந்த பணம் முழுவதும் நேர்மையான பணம் என்று அது மெய்ப்பிக்கவில்லை. வங்கிக்குள் வந்த பணத்தை வருமான வரித்துறை விசாரிக்கலாம். எனவே 'முழுத் தோல்வி' என்ற தலைப்பும் அவ்வெண்ணால் மட்டும் நிலைபெறாது. 'முழு வெற்றி' என்ற தலைப்போ அவ்வெண்ணுக்கு முன் நிற்கவே நாணும். இந்த நுட்பத்தை எளிய தமிழில் எடுத்துச் சொல்வதன்றோ நிதிச் செய்தியாளரின் கடமை? கட்சி மேடையில் பேசுவதற்குக் கட்சிக்காரர் இருக்கின்றனர். அவ்வேலையைச் செய்தித்தாளும் ஏற்றால் கணக்கை யார் சொல்வது?

எண்ணில் ஏறாத மக்கள்

இக்கட்சிப் போரில் உண்மையாக இழப்புற்றவர் யார்? ஏடுகளும் அல்லர், கட்சிகளும் அல்லர். அவர்களை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வந்தவர், தேவராஜ மார்க்கெட்டை அடுத்துப் பூவும் பழமும் விற்பவர், தள்ளுவண்டியில் இட்லி விற்பவர், வாரக் கூலியைக் கையிலே வாங்கி அதில் ஒரு பங்கைச் சேலத்துக்கோ தருமபுரிக்கோ அனுப்புபவர் என நம் குடியேறிய குடும்பங்களில் பலர் ரொக்கத்தாலேயே வாழ்ந்தவர்கள். ரொக்கம் நின்றபோது அவர்களுடைய வேலையும் நின்றது.

அவ்விழப்பு எந்த எண்ணில் ஏறியது? அந்நாளைய நாட்டு உற்பத்திக் கணக்கில், பதிவு பெறாத சிறுதொழில்களை ஆண்டுதோறும் நேரே கணக்கெடுக்கும் வழக்கம் இல்லை. முன்னர் எடுத்த ஆய்வை அடிப்படையாகக் கொண்டு, பதிவு பெற்ற தொழில்களின் வளர்ச்சி போன்ற குறிகளைத் துணையாக வைத்து மதிப்பிட்டனர். பெரிய கடை வளர்ந்தால் சிறிய கடையும் வளர்ந்திருக்கும் என்பது அம்முறையில் அடங்கிய ஊகம். சாதாரண ஆண்டில் அது ஓரளவு பொருந்தலாம். சிறிய கடையின் வாடிக்கையாளர் பணமின்றிப் பெரிய கடைக்குப் போய்விட்ட ஆண்டில் அது பொருந்துமா? ஏடுகள் எட்டு விழுக்காடு என்றும் ஐந்து விழுக்காடு என்றும் சண்டையிட்ட நாளில் எழுப்பியிருக்க வேண்டிய கேள்வி இதுவே. ஆனால் சில அறிஞர்களின் கட்டுரைகளுக்கு வெளியே இது பெரிதும் ஒலிக்கவில்லை. காரணம் வெளிப்படை: இக்கேள்வியால் தேர்தல் மேடையில் கைத்தட்டு வாங்க இயலாது.

வேலைவாய்ப்புக் கணக்குக்கும் இதே கதி நேர்ந்தது. 2017-18-இல் வேலையின்மை 6.1 விழுக்காடு என்று கண்ட அரசாய்வு அறிக்கை உரிய காலத்தில் வெளியிடப்படவில்லை. தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் 2019 சனவரியில் பதவி விலகினார். அறிக்கையின் செய்தியை ஒரு நிதி நாளேடு துணிந்து வெளியிட்டது. தேர்தல் முடிந்த பின், மே 31 அன்றே அரசு அதனை முறையாக வெளியிட்டது. துணிந்த ஏடும் உண்டு என்பதற்கு இது சான்று. அந்த ஏடு வெளியிட்ட எண்ணை, முந்திய ஆய்வுகளின் முறையோடு ஒப்பிடலாமா என்று சிந்திக்காமல் ஒரு சாரார் முழக்கமாக்கினர். வரைவு அறிக்கை என்று சொல்லி மறு சாரார் மூடினர். வேலையற்ற இளைஞன் இருவருக்கும் ஒரு கருவியானான்.

சார்பு குற்றமா?

இங்கே ஒரு தடை எழும். 'செய்தித்தாளுக்குக் கொள்கை வேண்டாமா? சார்பே இல்லாத மனிதன் உண்டா?' என்று கேட்பர். நல்ல கேள்வி. நம் தமிழ் இதழியலின் தொடக்கத்திலேயே அதற்கு விடையும் உண்டு. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1878-இல் 'இந்து' இதழைத் தொடங்கியவர்களுள் ஒருவர்; 1882-இல் 'சுதேசமித்திரன்' கண்டவர். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த அவருடைய சார்பை அவர் என்றும் மறைத்ததில்லை. ஆயினும் 1903-இல் அவர் ஆங்கில ஆட்சியின் பொருளாதாரக் கூறுகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். நிலவரி, வறுமை, கைத்தொழில் அழிவு ஆகியவற்றைச் சான்றும் கணக்கும் கொண்டு வாதித்தார். சார்பு இருந்தது, கணக்கும் இருந்தது. வாசகன் அக்கணக்கைச் சோதித்துப் பார்த்து ஒப்பவும் மறுக்கவும் இடம் இருந்தது.

ஆகவே சார்பு குற்றமன்று. சார்பை மறைப்பதும், சார்புக்காகக் கணக்கை மறைப்பதுமே குற்றம். இன்று நிதிச் செய்தியின் பின்னே நிற்கும் கைகள் பல. அரசு விளம்பரம் ஒரு கை. இதழ் நிறுவனத்தையே விலைக்கு வாங்கும் பெருமுதல் ஒரு கை. விளம்பரத்துக்கு விலையாகத் தம் பங்குகளையே நிறுவனங்கள் இதழ்களுக்குக் கொடுக்கும் 'தனி ஒப்பந்த' வழக்கம் மற்றொரு கை. ஒரு நிறுவனத்தின் பங்கு தன்னிடம் இருக்குமானால், அந்நிறுவனத்தைப் பற்றி எழுதும்போது அதனை வாசகனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2010-இல் வற்புறுத்த நேர்ந்ததே, நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்குச் சான்று. பங்குக்கு இவ்விதி உண்டு. கட்சிப் பற்றுக்கு எந்த விதி உண்டு? இதழாசிரியரின் மனச்சான்று ஒன்றே.

பரபக்கமும் சுபக்கமும்

இதழ்களைக் குறை கூறி நாம் தப்பிவிட இயலாது. வாங்குவோர் இருப்பதால்தான் விற்கின்றனர். நம் கூட்டங்களில், திருமண வீடுகளில், தேநீர்க் கடைகளில் பணமதிப்பு நீக்கத்தைப் பற்றிப் பேச்செழுந்தபோது நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். வரிசையில் நின்ற துன்பத்தைச் சொன்னவரை 'நாட்டுப் பற்றில்லாதவர்' என்றோம். நடவடிக்கையை ஆதரித்தவரை 'அடிமை' என்றோம். எண்ணுக்கு எண் சொல்லத் தெரியாதபோது பட்டம் சூட்டுவது எளிது. கணக்கில் வறியவன் வசையில் வள்ளலாகிறான்!

இது தமிழ் மரபன்று. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரின் திறத்தையும் பொறுமையோடு கேட்ட பின்னரே தன் வழியைத் தேர்ந்தாள் எனக் காப்பியம் கூறும். அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியுடையது. மாற்றாரின் கொள்கையை முதலில் எடுத்துரைத்து, அதனை மறுத்து, அதன் பின்னரே தம் கொள்கையை நாட்டுவது அம்முறை. எதிரியின் வாதத்தை எதிரியே ஒப்பும்படி சொல்லத் தெரியாதவனுக்கு அதனை மறுக்கும் தகுதி இல்லை என்று நம் முன்னோர் எண்ணினர். திருக்குறளிலே அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் அடுத்தடுத்து அமைந்திருப்பதையும் நோக்குக. பண்பும் வேண்டும், துணிவும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

நாம் வாழும் இக்கன்னட மண்ணும் அதனையே கற்பிக்கிறது. 1912 முதல் 1918 வரை மைசூரின் திவானாக இருந்த விசுவேசுவரய்யா, பெருந்தொழில் வளராவிடில் நாடு அழியும் என்று நம்பியவர். காந்தியடிகளோ பெருந்தொழிலின் ஆதிக்கத்தை அஞ்சியவர். நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி இதனினும் பெரிய கருத்து வேற்றுமை இருக்க முடியாது. அவ்வேற்றுமையை ஒருவரும் மறைக்கவில்லை; ஒருவர்மீது ஒருவர் கொண்ட மதிப்பும் அதனால் குறையவில்லை.

அண்மைச் சான்றும் ஒன்று உண்டு. பணமதிப்பு நீக்கத்தின் சட்டச் செம்மையைப் பற்றி உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2023 சனவரி 2 அன்று தீர்ப்பளித்தது. நால்வர் அது செல்லும் என்றனர். நீதிபதி நாகரத்னா மட்டும் மறுத்தார். அமர்வின் தலைவர் நீதிபதி அப்துல் நசீரும் மறுத்தெழுதிய நாகரத்னாவும் கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து சென்றவர்களே. அரசின் நோக்கத்தை நாகரத்னா ஐயுறவில்லை. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டது என்றே எழுதினார். ஆயினும் முன்மொழிவு அரசிடமிருந்து எழுந்தமையால் சட்டம் இயற்றியோ அவசரச் சட்டம் பிறப்பித்தோ செய்திருக்க வேண்டியது என்றும், வெறும் அறிவிக்கையால் செய்தது சட்டத்துக்குப் புறம்பானது என்றும் உறுதியாக உரைத்தார். எவரையும் இழித்துரைக்காமல், ஓரெழுத்தும் தளராமல் மறுத்த மறுப்பு அது. பெரும்பான்மைத் தீர்ப்போ, நோக்கம் நிறைவேறியதா என்பது தன் முன் உள்ள கேள்வியன்று என்று தன் எல்லையை உணர்ந்து நின்றது. மறுநாள் ஏடுகளும் மேடைகளும் என்ன செய்தன? 'பணமதிப்பு நீக்கம் வென்றது' என்று ஒரு சாரார் முழங்கினர். மறுப்புரையை மட்டுமே தீர்ப்புப்போல மறு சாரார் ஏந்தினர். நீதிபதிகள் காத்த எல்லையை நம் செய்தியாளர்கள் ஒரே நாளில் அழித்தனர்.

நாம் செய்யத் தக்கது

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு ஒரு நற்பேறு வாய்த்திருக்கிறது. தமிழேடு ஒன்று, கன்னட ஏடு ஒன்று, ஆங்கில ஏடு ஒன்று எனப் பல வீடுகளில் மூன்று மொழிகளும் புழங்குகின்றன. பிறந்த மாநிலத்தின் கட்சிக் கண்ணாடியும் வாழும் மாநிலத்தின் கட்சிக் கண்ணாடியும் நம் மேசைமேல் ஒருங்கே கிடக்கின்றன. ஒன்றை மட்டும் அணிந்து பார்ப்பவன் ஏமாறுவான். இரண்டையும் மாற்றி அணிபவன் கண்ணாடியின் நிறம் எது, பொருளின் நிறம் எது என்று தேறுவான். இவ்வாய்ப்பை நாம் வீணாக்கலாமா?

பணச் செய்தி ஒன்றைப் படித்தால் மூன்று கேள்விகள் கேட்போம். இந்த எண்ணை முதலில் வெளியிட்டவர் யார்? இந்த எண்ணில் யார் சேர்க்கப்படவில்லை? சென்ற ஆண்டு இதே ஏடு இதே பொருளைப் பற்றி என்ன எழுதியது? விடை தெரியாத செய்தியை மெய்யென்று பிறருக்குச் சொல்லாதிருப்போம். நிதிநிலை அறிக்கை வெளிவரும் நாளில் சங்கத்திலே ஓர் அவை கூட்டுவோம். அங்கே பேசுவோர் ஒவ்வொருவரும் மாற்றுக் கருத்தினரின் வாதத்தை முதலில் நேர்மையாக எடுத்துரைத்து, அவர் 'ஆம், இதுவே என் கருத்து' என்று ஒப்பிய பின்னரே தம் மறுப்பைத் தொடங்க வேண்டும் என விதி செய்வோம். அவ்வவையில் வங்கி அலுவலருக்கும் பேராசிரியருக்கும் முன்னதாகப் பூ விற்கும் அம்மையாரைப் பேச அழைப்போம். எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத கணக்கு அவரிடம் இருக்கிறது.

நோட்டின் தாளைக் கை தடவி அறிகிறோம். நீர்க்குறியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். ஐயம் வந்தால் வாங்க மறுக்கிறோம். அப்போது நோட்டைக் கொடுத்தவர் எந்தக் கட்சி என்று நாம் கேட்பதில்லை. நோட்டு அச்சிடும் ஊரில் வாழும் நாம், செய்தியிடத்தும் அவ்வாறே நடந்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள். காசின் நாணயத்தை ரிசர்வ் வங்கி காக்கட்டும். சொல்லின் நாணயத்தை நாம் காப்போம்.